ஒரு பொட்டலம், ஓராயிரம் காதுகள்

2023ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் அகமதாபாத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. அதை இணையத்தின் வழியே ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கை, உச்சக் கட்டத்தில் 5.9 கோடியைத் தொட்டது. எல்லோரும் பார்த்தது ஒரே ஆட்டம், ஒரே பந்து, ஒரே விக்கெட்டு.

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கைபேசிக்குப் படம் தெளிவாகத் தெரிய நொடிக்கு 2 மெகாபிட் செய்தி தேவை எனக் கொள்வோம். ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பினால் நொடிக்கு 11.8 கோடி மெகாபிட் அனுப்ப வேண்டும். இப்போது இணையத்தில் நடப்பது இதுதான். பல ஊர்களில் சேமிப்புக் கணிப்பொறிகளை வைத்து, சுமையைப் பங்கிட்டுச் சமாளிக்கிறார்கள். ஆனாலும் கைபேசிக்கு ஒரு பிரதி என்ற கணக்கு மாறுவதில்லை.

எல்லோருக்கும் வேண்டியது ஒரே செய்தியாக இருக்கும்போது இத்தனை பிரதிகள் எதற்கு? ஒரே ஒரு பிரதியை அனுப்பி, பாதை பிரியும் இடத்தில் மட்டும் அதை இரண்டாக்கிக் கொண்டால் போதாதா? போதும். அந்த முறைக்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். தமிழில் குழு அனுப்பல் எனலாம். அது எவ்வாறு வேலை செய்கிறது, அதற்கு வலைப்பின்னலை எவ்வாறு தயார் செய்வது, அவ்வளவு நல்ல முறை கிரிக்கெட்டுக்கு ஏன் பயன்படவில்லை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று வகை அனுப்பல்

கணிப்பொறிகள் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இருக்கும். வலைப்பின்னல்களை இணைக்கும் சந்திகளில் ரூட்டர் என்னும் கருவி அமர்ந்திருக்கிறது. அது பெறுநர் முகவரியைப் படித்து, பொட்டலம் எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று முடிவு செய்கிறது.

ஒரு வீட்டில் திருமணம் நிச்சயமாகிறது. மதுரையிலே இருக்கும் நாற்பது உறவினர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும். நாற்பது பேருக்கும் தனித்தனியே தொலைபேசியில் பேசலாம். இது தனி அனுப்பல், அதாவது யூனிகாஸ்ட். ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம். இது பொது அனுப்பல், அதாவது பிராட்காஸ்ட். சம்பந்தம் இல்லாதவர்களின் காதையும் இது துளைக்கும். மூன்றாவதாக, மதுரைப் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு முறை பேசி, “நம்மவர்களுக்கு எல்லாம் சொல்லிவிடுங்கள்” எனலாம். இதுவே குழு அனுப்பல். நெடுந்தூரக் கம்பியில் சென்றது ஒரே பேச்சு. பிரதி எடுக்கும் வேலை மதுரையில் நடந்தது.

இதிலிருந்து ஒரு விதியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்: பிரதி எடுப்பதை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போட வேண்டும். அப்போது எந்தக் கம்பியிலும் ஒரே செய்தி இரண்டு முறை செல்லாது.

கூட்டத்துக்கு ஒரு முகவரி

இவ்வெண்ணத்தை இணையத்துக்கு ஏற்ற வடிவில் அமைத்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங். இம்முறையின் அடிப்படை ஆவணம் 1989 ஆகஸ்டில் வெளியாயிற்று.

இணைய முகவரி 32 பிட் நீளமுள்ள எண். அதை நான்கு பகுதிகளாகப் பிரித்து 192.168.1.10 என்பது போல் எழுதுவர். அவற்றுள் 1110 என்னும் நான்கு இரும இலக்கங்களில் தொடங்கும் முகவரிகள் யாவும் குழுக்களுக்கு என ஒதுக்கப்பட்டன. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை உள்ள எண்கள் அவை. முதல் 4 பிட் போக மீதி 28 பிட். எனவே 2-இன் 28ஆம் அடுக்கு, ஏறத்தாழ 26.8 கோடி குழு முகவரிகள் உள்ளன.

குழு முகவரி எந்தக் கணிப்பொறிக்கும் சொந்தமானதன்று. அது வானொலி அலைவரிசை போன்றது. நிலையம் ஒலிபரப்பிக் கொண்டிருக்கும். விரும்பியவர் முள்ளைத் திருப்பிக் கேட்பார். யார் யார் கேட்கிறார்கள் என்பது நிலையத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

“எனக்கும் வேண்டும்”

ஆனால் வானொலி அலை எல்லா வீட்டுக் கூரைமீதும் தானாகவே விழுகிறது. பொட்டலமோ கேட்பவர் இருக்கும் கம்பியில் மட்டுமே செல்ல வேண்டும். எனவே கேட்பவர் தம் விருப்பத்தை அருகிலுள்ள ரூட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கான நெறிமுறைக்கு ஐ.ஜி.எம்.பி. என்று பெயர்.

உங்கள் கணிப்பொறி 239.10.10.5 என்னும் குழுவில் சேர விரும்பினால், “இக்குழு எனக்கு வேண்டும்” என்று ஒரு சேர்க்கைச் செய்தியை அனுப்பும். ரூட்டர் அதைக் குறித்துக் கொள்ளும். கணிப்பொறியை யாராவது திடீரென்று அணைத்துவிட்டால்? அதற்காக ரூட்டர் வழக்கமாக 125 நொடிகளுக்கு ஒரு முறை, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியரைப் போல, “யாருக்கு எந்தக் குழு வேண்டும்?” என்று கேட்கும். 10 நொடிக்குள் விடை வர வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம். நூறு கணிப்பொறிகளும் ஒரே நொடியில் “உள்ளேன் ஐயா” என்று கத்தினால் கூச்சல்தான் மிஞ்சும். ஆகவே 1997இல் வெளியான இரண்டாம் பதிப்பின்படி ஒவ்வொன்றும் 10 நொடிக்குள் ஏதோ ஒரு தற்செயல் நேரம் காத்திருக்கும். அதற்குள் வேறொரு கணிப்பொறி அதே குழுவைக் கேட்டுவிட்டால் தான் பேசாமல் இருந்துவிடும். ஒருவருக்கு வேண்டுமானாலும் நூறு பேருக்கு வேண்டுமானாலும் அந்தக் கம்பிக்கு ஒரு பிரதிதானே தேவை? 2002இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த மௌனம் கைவிடப்பட்டது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைத் தானே சொல்லும். அதற்குள் கேட்கும் காதுகள் மாறிவிட்டன. அக்காதுகளுக்கு உரியது ஸ்விட்ச்.

ஒட்டுக் கேட்கும் ஸ்விட்ச்

ஓர் ஆய்வகத்தில் உள்ள கணிப்பொறிகள் எல்லாம் ஸ்விட்ச் என்னும் பெட்டியில் இணைக்கப்பட்டிருக்கும். ஸ்விட்ச் இணைய முகவரியைப் பார்த்து வேலை செய்வதன்று. 48 பிட் நீளமுள்ள ஈதர்நெட் முகவரியைப் பார்க்கும். குழுப் பொட்டலம் எந்தத் துளைக்குரியது என்று அறியாத ஸ்விட்ச், எல்லாத் துளைகளிலும் அதை அனுப்பிவிடும். குழு அனுப்பல் அங்கே பொது அனுப்பலாகிவிடும்.

இதைத் தவிர்க்க, நல்ல ஸ்விட்சுகள் ஒரு தந்திரம் செய்கின்றன. கணிப்பொறிகள் ரூட்டருக்கு அனுப்பும் சேர்க்கைச் செய்திகளை வழியில் ஒட்டுக் கேட்டு, “7ஆம் துளைக்கும் 12ஆம் துளைக்கும் இக்குழு வேண்டும்” என்று குறித்துக் கொள்கின்றன. இதற்கு ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் என்றே பெயர்.

குழு முகவரி ஈதர்நெட் முகவரியாக மாறும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ஈதர்நெட் முகவரியின் 48 பிட்டில் முதல் 25 பிட் நிலையானவை. மீதி 23 பிட்டில் குழு முகவரியின் கடைசி 23 பிட் எழுதப்படுகின்றன. குழுவை அடையாளம் காட்டுவது 28 பிட் அல்லவா? 5 பிட் இடமின்றி விடுபடுகின்றன. எனவே 2-இன் 5ஆம் அடுக்கு, அதாவது 32 வெவ்வேறு குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்ந்து கொள்ளும். குழு எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மரம் வளரும் விதம்

இதுவரை பார்த்தது கடைசிக் கம்பியில் நடப்பது. அனுப்புநரிடமிருந்து அக்கம்பி வரை இடையில் பல ரூட்டர்கள் உள்ளன. அவை சேர்ந்து ஒரு மரத்தை உருவாக்க வேண்டும். அனுப்புநர் வேர், ரூட்டர்கள் கிளை பிரியும் கணுக்கள், கேட்பவர்கள் இலைகள். இதற்குப் பெரும்பாலும் பயன்படும் நெறிமுறை பிம் எனப்படும். அதில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: முதலில் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பு; வேண்டாதவர் “நிறுத்து” என்றால் அக்கிளையை வெட்டு. வெட்டிய கிளை சில நிமிடங்களில் மீண்டும் துளிர்க்கும். மீண்டும் வெட்ட வேண்டும். சிறு வலைப்பின்னலில், பெரும்பாலோர் கேட்கும்போது இது சரி.

இரண்டாம் வழி: கேட்டவருக்கு மட்டும் கொடு. ஆனால் கேட்பவரின் ரூட்டருக்கு அனுப்புநர் எங்கே இருக்கிறார் என்று தெரியாதே? அதற்காக ஒரு ரூட்டரைச் சந்திப்பு மையமாக முன்கூட்டியே நியமிப்பார்கள். கேட்பவரின் ரூட்டர் மையத்தை நோக்கிச் சேர்க்கைச் செய்தி அனுப்பும். அது கடந்து செல்லும் ஒவ்வொரு ரூட்டரும் “இந்த வாசலுக்கு ஒரு பிரதி” என்று குறித்துக் கொள்ளும். அனுப்புநரின் ரூட்டரும் தன் பொட்டலங்களை மையத்திடம் ஒப்படைக்கும். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தரகர் மூலம் சந்திப்பது போல, இருவரும் மையத்தில் சந்திக்கின்றனர். அறிமுகம் ஆனபின் தரகர் எதற்கு? கேட்பவரின் ரூட்டருக்கு இப்போது அனுப்புநரின் முகவரி தெரியும். அது நேர் வழியில் சேர்ந்து கொள்ளலாம்.

மரம் இலைகளிலிருந்து வேரை நோக்கி வளர்கிறது என்பதைக் கவனித்தீர்களா? சேர்க்கைச் செய்தி மேல் நோக்கிச் செல்கிறது. பொட்டலம் அதே வழியில் கீழிறங்குகிறது.

வந்த வாசல் சரிதானா?

வலைப்பின்னலில் பாதைகள் வட்டமாகவும் அமைந்திருக்கும். தனிப் பொட்டலம் வட்டத்தில் சிக்கினால் ஒரு பொட்டலம்தான் சுற்றும். குழுப் பொட்டலம் சிக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் பிரதி எடுக்கப்படும். 2, 4, 8, 16 என்று பெருகி, இருபதே சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். வலைப்பின்னல் மூச்சுத் திணறிப் போகும்.

இதைத் தடுக்கும் எளிய வழியை யோகேன் தலால், ராபர்ட் மெட்காஃப் ஆகிய இருவரும் 1978இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். தலால் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்றவர், மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கியவர்களுள் ஒருவர். வழி இதுதான்: பொட்டலம் வந்ததும் ரூட்டர் தன்னைத் தானே கேட்டுக் கொள்கிறது, “இதன் அனுப்புநருக்கு நான் ஒரு பொட்டலம் அனுப்ப வேண்டுமானால் எந்த வாசல் வழியாக அனுப்புவேன்?” பொட்டலம் அதே வாசல் வழியாக வந்திருந்தால் ஏற்றுக் கொள்ளும். வேறு வாசல் வழியாக வந்திருந்தால், சுற்றி வந்தது எனக் கருதி எறிந்துவிடும். தனிப் பொட்டலத்துக்கு “எங்கே போகிறாய்?” என்று கேட்கும் ரூட்டர், குழுப் பொட்டலத்திடம் “எங்கிருந்து வருகிறாய்?” என்று கேட்கிறது!

ஒரு கல்லூரியில் அமைத்துப் பார்ப்போம்

ஒரு கல்லூரியை எடுத்துக் கொள்வோம். முதன்மைக் கட்டடத்திலிருந்து ஒரு பாடம் நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒளிபரப்பாகிறது. அறிவியல் கட்டடத்தில் 240 கணிப்பொறிகள். தனி அனுப்பலானால் 1200 மெகாபிட் வேண்டும். இரு கட்டடங்களையும் இணைக்கும் கம்பியின் கொள்ளளவோ 1000 மெகாபிட்தான். படம் திக்கித் திணறும். குழு அனுப்பலானால் அக்கம்பியில் 5 மெகாபிட் போதும். செய்ய வேண்டியவை இவை:

1. குழு எண்ணைத் தேர்ந்தெடுத்தல். 239இல் தொடங்கும் எண்கள் ஒரு நிறுவனத்தின் உள்ளேயே பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. 239.10.10.5 எனக் கொள்வோம்.

2. ரூட்டர்களில் குழு அனுப்பலை இயக்குதல். பல ரூட்டர்களில் இது முதலில் அணைக்கப்பட்ட நிலையில் இருக்கும்.

3. பொட்டலம் கடக்க வேண்டிய ஒவ்வொரு வாசலிலும் பிம் நெறிமுறையை இயக்குதல். ஒரே ஒரு வாசலை மறந்தாலும் மரம் அங்கே முறிந்துவிடும். “வந்த வாசல்” சோதனையில் தோற்கும் பொட்டலங்களுக்கும் இதுவே அடிக்கடி காரணம்.

4. சந்திப்பு மையம் எது என்பதை எல்லா ரூட்டர்களுக்கும் ஒன்று போல் அறிவித்தல். இரண்டு ரூட்டர்கள் இரண்டு வேறு மையங்களை நம்பினால் தரகர்கள் இருவர், சந்திப்பு நிகழாது.

5. ஸ்விட்சுகளில் ஒட்டுக் கேட்டலை இயக்குதல்.

6. அனுப்பும் கணிப்பொறியில் பொட்டலத்தின் ஆயுள் எண்ணைச் சரி பார்த்தல். ஒவ்வொரு ரூட்டரும் இவ்வெண்ணில் 1 குறைக்கும். பூச்சியமானால் பொட்டலம் கைவிடப்படும். குழுப் பொட்டலத்துக்கு இது வழக்கமாக 1 என்றே வைக்கப்படுகிறது. அப்படியே விட்டால் முதல் ரூட்டரைக் கூடப் பொட்டலம் தாண்டாது!

நான்கு நிமிடப் புதிர்

வலைப்பின்னல் பொறியாளர்கள் அடிக்கடி சந்திக்கும் புதிர் ஒன்றைப் பாருங்கள். ஓர் ஆய்வகத்தில் ரூட்டர் கிடையாது. ஒரே ஒரு ஸ்விட்ச். அதில் ஒட்டுக் கேட்டல் இயக்கப்பட்டிருக்கிறது. பாடம் தொடங்குகிறது. படம் பளிச்சென்று தெரிகிறது. நான்கு நிமிடம் கழிந்ததும் எல்லாத் திரைகளிலும் படம் உறைந்து நின்றுவிடுகிறது. மறுபடி சேர்ந்தால் மறுபடி நான்கு நிமிடம். கம்பியில் பழுதில்லை, கணிப்பொறியிலும் பழுதில்லை. பின் என்ன?

சேரும்போது கணிப்பொறிகள் தாமாகவே சேர்க்கைச் செய்தி அனுப்பின. ஸ்விட்ச் குறித்துக் கொண்டது. அதன்பின் வருகைப் பதிவு எடுக்க வேண்டியவர் ரூட்டர். அவர்தான் வகுப்பிலேயே இல்லையே! கேள்வி இல்லாததால் விடையும் இல்லை. இரண்டு கேள்விக் காலமும் ஒரு விடைக் காலமும் சேர்ந்து, 125 + 125 + 10 = 260 நொடி வரை ஸ்விட்ச் காத்திருக்கிறது. பிறகு “கேட்பவர் யாரும் இல்லை” என்று முடிவு செய்து குறிப்பை அழித்துவிடுகிறது. தீர்வு எளிது: ஸ்விட்சையே கேள்வி கேட்கும்படி அமைக்க வேண்டும். வகுப்புத் தலைவன் வருகைப் பதிவு எடுப்பது போல!

260 என்ற எண்ணை அறிந்தவர் பழுதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்; அறியாதவர் கம்பிகளை மாற்றிக் கொண்டே இருப்பார். நெறிமுறையின் கணக்கைத் தெரிந்து கொள்வதன் பயன் இதுவே.

பின் கிரிக்கெட்டுக்கு ஏன் இல்லை?

1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் இணையப் பொறியாளர் மாநாடு நடைபெற்றது. அங்கு நடந்த பேச்சுகள் குழு அனுப்பல் மூலம் மூன்று கண்டங்களில் இருபது இடங்களில் உடனுக்குடன் கேட்டன. அக்காலத்து ரூட்டர்களில் பெரும்பாலானவை குழுப் பொட்டலத்தை அறியாதவை. ஆகவே அவற்றைக் கடக்கும்போது குழுப் பொட்டலங்கள் தனிப் பொட்டலங்களாக வேடமிட்டுச் சென்றன. இவ்வாறு இணையத்தின்மேல் எழுந்த வலைப்பின்னல் எம்போன் எனப்பட்டது. 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக் குழுவினரின் நிகழ்ச்சி ஒன்றின் பகுதியும் அதில் ஒளிபரப்பாயிற்று. உலகமே விரைவில் இம்முறைக்கு மாறும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை.

காரணங்கள் பல. தனி முகவரிகளைத் தொலைபேசியின் ஊர்க் குறியீடு போலத் தொகுத்து நினைவில் வைக்கலாம். குழுக்களின் உறுப்பினர்கள் உலகெங்கும் சிதறிக் கிடப்பதால் அவ்வாறு தொகுக்க இயலாது. ஒவ்வொரு மரத்தையும் வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் தனியே நினைவில் வைக்க வேண்டும். அதாவது கம்பியில் மிச்சப்படுத்தியதை நினைவகத்தில் செலவிடுகிறோம். மேலும், யார் வேண்டுமானாலும் ஒரு குழுவுக்கு அனுப்பலாம் என்றால் விஷமிகளும் அனுப்பலாம். பல நிறுவனங்களின் ரூட்டர்கள் பிரதி எடுத்தால் யாருக்கு எவ்வளவு கட்டணம் என்பதும் தீராத கேள்வி. ஒருவருக்குத் தவறிப்போன பொட்டலத்தை மீண்டும் அனுப்பவும், அவரவர் இணைப்பு வேகத்துக்கேற்பப் படத்தின் தரத்தை மாற்றவும் தனி அனுப்பலே வசதி.

எனவே 2020இல் இணையப் பொறியியல் பணிக்குழு, வெவ்வேறு நிறுவனங்களின் வலைப்பின்னல்களுக்கு இடையே யாரும் அனுப்பக்கூடிய பழைய வகையைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. “இக்குழுவில் இந்த அனுப்புநர் அனுப்புவது மட்டும் வேண்டும்” என்று கேட்பவர் பெயர் சொல்லிக் கேட்கும் வகையே போதும் என்றது. இவ்வகைக்கு 232இல் தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இதில் அனுப்புநர் முன்னரே தெரிந்தவராதலால் சந்திப்பு மையமே தேவையில்லை.

ஆயினும் ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலைப்பின்னலில் குழு அனுப்பல் இன்றும் செழிப்பாக வாழ்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் தம் சொந்தக் கம்பிகளில் வழங்கும் தொலைக்காட்சி, பங்குச் சந்தை விலைகளை எல்லாத் தரகர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும் ஏற்பாடு ஆகியவற்றில் இது பயன்படுகிறது. உங்கள் வீட்டிலும் உண்டு. கைபேசி அதே வீட்டிலுள்ள அச்சுப்பொறியைத் தேடும்போது 224.0.0.251 என்னும் குழுவை நோக்கித்தான் “யார் இருக்கிறீர்கள்?” என்று குரல் கொடுக்கிறது.

கம்பி, நினைவகம், நம்பிக்கை ஆகிய மூன்றில் எது மலிவு, எது அரிது என்பதைப் பொறுத்தே ஒரு நல்ல எண்ணம் எங்கே வேர் பிடிக்கும் என்பது முடிவாகிறது. நாளை நிலைமை மாறலாம். 5.9 கோடி பிரதிகளைக் குறைக்கும் வழியை உங்களில் ஒருவரே கூடக் கண்டுபிடிக்கலாம்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. ஒவ்வொரு ரூட்டரும் மூன்று பிரதி எடுக்கிறது. இவ்வாறு ஐந்து நிலைகள் உள்ளன. ஐந்தாம் நிலைக்குப் பின் எத்தனை பிரதிகள்? அனுப்புநரின் முதல் கம்பியில் எத்தனை?

2. 224.0.0.1, 239.128.0.1 ஆகிய இரு குழுக்களின் கடைசி 23 பிட்களை இரும எண்ணில் எழுதிப் பாருங்கள். 128 என்பது இரும எண்ணில் 10000000. ஸ்விட்ச் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியுமா?

3. குழு முகவரி ஒரு பொட்டலத்தின் பெறுநர் முகவரியாக மட்டுமே வரும். அனுப்புநர் முகவரியாக ஒருபோதும் வராது. ஏன்? “வந்த வாசல்” சோதனையை நினைவில் கொண்டு விடை காணுங்கள்.